இரண்டு மாநிலமும் சோறு போட்ட பிள்ளை

களியக்காவிளையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாமல் போய்விட்டது. அதுவரை தக்கலை, மார்த்தாண்டம் என்று ஒவ்வொரு பலகையாக வாசித்துக்கொண்டு வந்தவள், நூறு அடி நடந்து கேரள அரசு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனதும் கைநாட்டு ஆகிவிட்டேன். எல்லாம் மலையாளத்தில் இருந்தது. யாரையாவது கேட்டிருக்கலாம். இருபது வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே பழகிய வாய்க்குக் கேட்க வரவில்லை. கூட்டம் ஏறிய பஸ்ஸில் நானும் ஏறினேன். கடற்கரைப் பக்கம் காரோட்டுக்குப் போக வேண்டியவள், நேர் எதிர்த்திசையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே குன்னத்துகாலில் போய் இறங்கினேன்.

அங்கிருந்த சாயாக்கடைக்காரர் என் பெட்டியையும் முகத்தையும் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு, எங்கே போக வேண்டும் என்று கேட்டார். "தெக்க போக வேண்டிய ஆளு வடக்க வந்தாச்சு. இனி அடுத்த வண்டிக்கு நேரம் உண்டு, இருந்து சாயா குடியுங்க" என்றார். ஏத்தன்பழத்தை நீளமாக நறுக்கி மாவில் தோய்த்துப் பொரித்த ஒன்றையும் கொடுத்தார். இரண்டு சாப்பிட்டேன். வழி தவறியதில் ஒரு நஷ்டமும் இல்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

மதுரையில் பால்வாடி ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. காரோட்டுப் பக்கம், எல்லைக் கால்வாய்க்கரையில், நலிந்த சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு பகல் வீடு நடக்கிறது, அதை ஆறு நாள் பார்த்துவிட்டு வாருங்கள், அதுபோல இங்கேயும் ஒன்று தொடங்கலாம் என்று அனுப்பியிருந்தார்கள். அலுவலகத்தில் இதை என் வெளிநாட்டுப் பயணம் என்று கேலி செய்து, பாஸ்போர்ட் எடுத்தாயிற்றா என்று கேட்டார்கள். குன்னத்துகாலில் நின்றபோது அந்தக் கேலியில் பாதி உண்மை என்று பட்டது.

பகல் வீட்டை நடத்துபவர் லீலா டீச்சர். முப்பத்திரண்டு வயது. கணவர் நெய்யாற்றின்கரையில் வேலை பார்க்கிறார். தங்கள் வீட்டிலேயே எனக்கு ஓர் அறை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். குடிக்கக் கொடுத்த தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்ததைப் பார்த்து நான் தயங்க, அது பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்க வைத்தது, உடம்புக்கு நல்லது என்றார் லீலா டீச்சர். இரவுக்கு மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும். எங்கள் ஊரில் மீன் குழம்பு என்ற பெயரில் புளியைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

திங்கள்கிழமை காலை ஏழு மணிக்கே பகல் வீடு திறந்துவிட்டது. பதினான்கு பிள்ளைகள், மூன்று டீச்சர்கள். தானாக வந்து சேர்ந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. எடை போதாதது, நடக்கப் பிந்தியது, பேச்சு வராதது, வீட்டில் நடக்கிற அடிதடியில் ஆளைக் கண்டாலே பாய்க்குள் ஒளிந்துகொள்வது என்று தேடித்தேடிச் சேர்த்த பிள்ளைகள். நாலு வயதுக்கு மேல் யாரும் கிடையாது.

அவர்கள் வேலை செய்யும் முறையைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தினமும் அரை மணி நேரம் ஒரு டீச்சரின் மடி சொந்தம். அதற்கு மடி நேரம் என்றே பெயர். ஒரு மடி, ஒரு பிள்ளை, சின்னதும் பெரிதுமாக ஐந்தாறு தேங்காய்ச் சிரட்டைகள், கொஞ்சம் புன்னைக்காய். டீச்சர் வாய் ஓயாமல் பேசுவார். இது பெரிய சிரட்டை, இதுக்குள்ள சின்னது போவுது, எங்க போச்சு, இன்னா இங்க இருக்கு. குளிப்பாட்டும்போதும் பேச்சு, சட்டை மாட்டும்போதும் பேச்சு. பதில் சொல்லாத பிள்ளையிடம் இன்னும் அதிகமாகப் பேச்சு. எங்கள் பக்கம் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர். கையைக் கட்டு, வாயைப் பொத்து என்பதுதான் முதல் பாடம். இங்கே வரும்போது நிற்கக்கூடத் தெரியாதிருந்ததாம் ஒரு பெண் குழந்தை. அது ஜன்னல் கம்பியில் ஏறி நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. இந்த வேலை பலிக்கிறது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

பலிக்காமல் போனது ஒரே ஒரு பிள்ளையிடம். ரெஜினா, மூன்றே கால் வயது. சேர்ந்த புதிதில் மூன்று சிரட்டையை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியவள். அம்மை, சாயா, கோழி என்று நாலைந்து சொல்லும் பேசியிருக்கிறாள். ஓணத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் நின்றுவிட்டது. உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். தராசில் முள் மூன்று மாதமாக அசையவில்லை. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, ரத்தம் பார்த்தாயிற்று, நோய் எதுவும் தென்படவில்லை. வெள்ளிக்கிழமை டாக்டர் வருவார், அப்போதும் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். ஒரு மாதமாவது இருக்க வேண்டி வருமாம்.

அதைக் கேட்டதிலிருந்து ரெஜினாவின் அம்மா பிலோமினா சரியாகத் தூங்குவதில்லை என்றார் லீலா டீச்சர். பிலோமினா தலைச்சுமையாக மீன் விற்பவள். கணவன் கொல்லத்தில் விசைப்படகில் இருக்கிறான். வந்தால் வருவான். பிள்ளையோடு ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தால், அவள் மீன் கொடுக்கும் வீடுகளுக்கெல்லாம் வேறு ஒருத்தி போய்விடுவாள். பிறகு அந்த வீடுகள் திரும்பக் கிடைக்காது.

பதினோரு மணிக்கு பிலோமினாவே வந்தாள். தலையில் அலுமினியப் பாத்திரம், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. இந்தப் பக்கத்துத் தெருக்களை முடித்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கால்வாயைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போவாள். அங்கே ஒரு பால்வாடியில் பிள்ளையை விட்டுவிட்டு, அந்தப் பக்கத்துத் தெருக்களில் விற்றுவிட்டு, மூன்றரை மணிக்குக் கூட்டிக்கொண்டு வீடு திரும்புவாள். ஒரு வருடமாக இதுதான் வழக்கம்.

பகல் வீட்டில் பத்து மணிக்கு ஒரு தம்ளர் கஞ்சி. பன்னிரண்டரைக்குத்தான் பெருத்த சிவப்பரிசிச் சோறு, பயறு, கறி எல்லாம். ரெஜினா அதற்கு முன்பே போய்விடுகிறாளே என்று கேட்டேன். "அவளுக்குச் சோறு தமிழ்நாட்டிலயாக்கும். அங்க முட்டையெல்லாம் உண்டு. இஞ்ச நிறையக் குடுத்து விட்டா அங்க போய் தின்னமாட்டா" என்றார் லீலா டீச்சர். எங்கள் மாநிலத்தைப் பற்றி இப்படி ஒரு நல்ல வார்த்தையைக் கேட்டதில் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. குறிப்பேட்டை எடுத்து, இரண்டு மாநிலங்கள் சேர்ந்து ஒரு பிள்ளையை வளர்ப்பதற்கு இது சிறந்த உதாரணம் என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன்.

செவ்வாய்க்கிழமை நான் என் வித்தையைக் காட்டினேன். ரெஜினாவின் சிக்கல் மனதில் இருக்கிறது, அப்பாவைக் காணாத ஏக்கம், அதனால்தான் பேச்சும் விளையாட்டும் நின்றுவிட்டன, சாப்பாடு உடம்பில் ஒட்டவில்லை என்று மூன்று டீச்சர்களையும் உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினேன். மடி நேரத்தை இரண்டு மடங்காக்கச் சொன்னேன். எப்படிச் செய்வது என்று காட்ட நானே அவளை மடியில் வைத்துக்கொண்டு சிரட்டைகளை அடுக்கினேன். பத்து நிமிடத்தில் அவள் தூங்கிவிட்டாள். என் கை பட்டதும் பிள்ளை எவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறது பாருங்கள் என்று சொன்னேன். இப்போது நினைத்தால் அந்தக் குறிப்பேட்டாலேயே என் தலையில் ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

புதன்கிழமை கேரளத்தில் பந்த். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, பகல் வீட்டுக்கும் பூட்டு. லீலா டீச்சர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். எனக்கு மூன்று நாளாக ஒரு நல்ல காப்பிக்கு நாக்கு ஏங்கிக்கொண்டிருந்தது. கால்வாய்மேல் போட்டிருந்த தென்னந்தடிப் பாலத்தைத் தாண்டினேன். அந்தப் பக்கம் கடைகள் திறந்திருந்தன. சலூனில் ரேடியோ பாடியது. தேங்காய் ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கால்வாய்க்கு வடக்கே ஊரே கதவடைத்துக் கிடக்க, தெற்கே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கேரளத்துக்காரர்கள் நாலைந்து பேர் இந்தப் பக்கம் வந்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து புட்டு தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பந்த் பரிபூரண வெற்றி என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, இன்னொரு பப்படம் கேட்டார்.

காப்பி சுமார்தான். குடித்துவிட்டு, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, அந்தப் பால்வாடியையும் பார்த்துவிடலாம் என்று விசாரித்துக்கொண்டு போனேன். பாலத்திலிருந்து எட்டு நிமிட நடை. பன்னிரண்டு மணி இருக்கும். டீச்சர் பெயர் தங்கபாய். ஐம்பது வயதை ஒட்டியவர், உரத்த குரல். முப்பது பிள்ளைகளுக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார். நான் இன்னார் என்று சொன்னதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

வரிசையின் கடைசியில் ரெஜினா உட்கார்ந்திருந்தாள். மற்றப் பிள்ளைகளின் தட்டில் சோறு குவிந்திருந்தது. அவள் தட்டில் ஒரே ஒரு சின்னக் கரண்டி. ஏன் இவளுக்கு மட்டும் இவ்வளவு என்று கேட்டேன்.

"அவ அங்க தின்னுட்டாக்கும் வருவா" என்றார் தங்கபாய். "கேரளத்துல பயறும் கஞ்சியும் மீனுமா நல்லா குடுப்பாவ. இஞ்ச சும்மா ஒப்புக்கு ஒரு கரண்டி. ஒண்ணும் தின்னாம வாற பிள்ளைய எத்தன உண்டு, அதுவளுக்கு ஆவட்டேன்னு."

"இன்றைக்கு அங்கே பந்த். பகல் வீடு பூட்டிக் கிடக்கிறது" என்றேன்.

தங்கபாயின் கரண்டி அப்படியே நின்றது. பந்த் என்பது அவருக்கும் தெரியும். காலையில் எட்டு மணிக்கே பிலோமினா பிள்ளையைக் கொண்டுவந்து விட்டதும் தெரியும். ஆனால் ஒரு வருடப் பழக்கம், கை தானாக ஒரு கரண்டி போட்டிருக்கிறது. அவர் ரெஜினாவின் முன்னால் குனிந்து, சாப்பிட்டாயா என்று கேட்டார். ரெஜினா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். தினமும் இப்படித்தான் ஆட்டுவாளாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து, யானையைத் தின்றாயா என்று கேட்டேன். அதற்கும் தலையை ஆட்டினாள்.

கேரளத்தில் என்ன கொடுக்கிறார்கள் என்று தங்கபாய்க்குச் சொன்னேன். பத்து மணிக்கு ஒரு தம்ளர் கஞ்சி, அவ்வளவுதான், சோறு இங்கே கிடைக்கும் என்று நினைக்கிறார்கள் என்றேன். அவர் தட்டு நிறையச் சோற்றைப் போட்டுப் பிசைந்து, அவரே ஊட்டினார். ரெஜினா நாலு வாய்க்கு மேல் வாங்கவில்லை. மாதக்கணக்காகச் சுருங்கிய வயிறு ஒரே நாளில் விரியுமா? தங்கபாய் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தார்.

ஏக்கம், மனது, மடி நேரம் என்று நான் பேசிய அரை மணி நேரத்தில், இந்தப் பிள்ளை பசியாக இருக்கிறாளா என்று ஒரு முறையாவது யோசித்திருந்தால்? பதினோரு மணிக்கு என் கண் முன்னால்தான் போனாள். வெட்கமாக இருந்தது. ஆனால் இதைத் திருத்த முடியும் என்றும் அதே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. பாலம் ஏறித் திரும்பும்போது என் நடையில் வேகம் கூடியிருந்தது.

வியாழக்கிழமை தங்கபாயைக் கையோடு கூட்டிக்கொண்டு பகல் வீட்டுக்கு வந்தேன். எட்டு நிமிட தூரத்தில் இருந்துகொண்டு, ஒரு வருடமாக ஒரே பிள்ளையை வளர்க்கும் இரண்டு டீச்சர்களும் அன்றைக்குத்தான் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். உங்கள் முட்டையைப் பற்றி பிலோமினா சொல்லாத நாள் இல்லை என்றார் லீலா டீச்சர். முட்டை எல்லா நாளும் இல்லை, அதற்கென்று ஒரு நாள்தான், உங்கள் பயறுக்குப் பக்கத்தில் எங்கள் சோறு வருமா என்றார் தங்கபாய். இரண்டு பேரும் ஒருவர் மற்றவரை மெச்சி முடித்துவிட்டு, ஒரு தம்ளர் கஞ்சி, ஒரு கரண்டி சோறு என்று ரெஜினாவின் கணக்கைக் கூட்டிப் பார்த்தார்கள். குற்றம் சாட்ட அங்கே கெட்டவர்கள் யாரும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அலட்சியமாக இருந்த ஒருத்தியைத் திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

பிலோமினாவிடம் யார் சொல்வது என்று வந்தபோது, நான் சொல்கிறேன் என்றார் லீலா டீச்சர். வழக்கம்போல் பதினோரு மணிக்கு அவள் வந்தாள். பாத்திரத்தை இறக்கி வைக்கச் சொல்லி, எதையும் மறைக்காமல் சொன்னார். பிலோமினா முதலில் நம்பவில்லை. இரண்டு டீச்சர்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இரவில் அவளும் பிள்ளைக்குக் கொஞ்சம் கிழங்குதான் கொடுத்திருக்கிறாள். பகலெல்லாம் இரண்டு இடத்தில் தின்ற பிள்ளை, இராத்திரி செரிக்காது என்று.

"ரெண்டு பக்கமும் தின்னு கொழுக்கட்டேன்னு இல்லியா நான் இந்த வெயில்ல தூக்கிட்டு நடந்தது" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நான் தூக்கிட்டு நடந்தது பட்டினிக்கா டீச்சரே?"

லீலா டீச்சர் அழுதுவிட்டார். தங்கபாய் எழுந்துபோய் பிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மீன் வாடையும் வியர்வையுமாக மூன்று பேரும் நின்றிருந்த அந்த வராந்தாவில், பயிற்சி கொடுத்தே பழகிய நான் ஒரு ஓரமாக நின்றேன்.

அழுகை முடிந்ததும் மூவரும் பத்தே நிமிடத்தில் காரியத்துக்கு வந்துவிட்டார்கள். இனி ரெஜினா நாலு மணி வரை பகல் வீட்டிலேயே இருப்பாள். காலையில் கஞ்சி, மத்தியானம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சோறு, மூன்று மணிக்கு மறுபடி ஏதாவது. பிலோமினா அந்தப் பக்கம் தனியாகப் போவாள், பிள்ளைச் சுமை இல்லாததால் நடை சுருக்காக முடியும். பிள்ளையைத் தன் கணக்கிலிருந்து எடுத்துவிடுவதில் மட்டும் தங்கபாய்க்குச் சம்மதமில்லை. முட்டை நாளில் அவள் முட்டையை நானே பாலம் தாண்டிக் கொண்டுவருவேன் என்று உறுதியாகச் சொன்னார். சொன்னபடியே கொண்டுவந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை டாக்டரின் ஜீப் வழியில் டயர் வெடித்து, காலையில் வர வேண்டியவர் மத்தியானம் தாண்டித்தான் வந்தார். லீலா டீச்சர் நடந்தது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் ரெஜினாவின் கண் இமையை விலக்கிப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார், தராசில் வைத்துப் பார்த்தார். "இனியும் மூணு ஆழ்ச்ச நோக்காம்" என்றார். மூன்று வாரம் பார்க்கலாம், அதற்குள் முள் ஏறவில்லை என்றால் அப்போது சேர்க்கலாம். பிலோமினா முற்றத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கையில் ஒரு பொட்டலம் நெத்திலியைக் கொடுக்கப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டுப் போனார்.

அந்த மூன்று வாரத்தில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். லீலா டீச்சர் அஞ்சலட்டை போட்டிருந்தார். முள் ஏறிவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, ஆனால் சிரட்டைகளை அடுக்குவதை விட்டுவிட்டு அவற்றால் பக்கத்துப் பிள்ளைகளின் மண்டையில் தட்டுகிறாள், கோழி, போ, தா என்று நாள் முழுக்க வாய்தான் என்று எழுதியிருந்தார். இவ்வளவு சந்தோஷமாக எழுதப்பட்ட புகாரை நான் படித்ததில்லை. மதுரையில் நாங்கள் தொடங்கிய பகல் வீட்டில் சுவரில் ஒன்றும் எழுதி ஒட்டவில்லை. புதிதாக வரும் டீச்சர்களிடம் நானே வாயால் சொல்வேன்: பிள்ளை சாப்பிட்டதா என்று யாரிடமும் கேட்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

சனிக்கிழமை நான் கிளம்ப வேண்டும். பாறசாலையில் பாசஞ்சர் ரயிலைப் பிடிக்க ஒன்றரை மணி பஸ்ஸில் ஏறினால் போதும் என்றார்கள். பெட்டியைக் கட்டி வராந்தாவில் வைத்துவிட்டு, பிள்ளைகளோடு சாப்பிட உட்கார்ந்தேன். பெருத்த சிவப்பரிசி முதல் நாள் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை, இப்போது இரண்டாம் முறை கேட்கும் அளவுக்கு வந்திருந்தது. லீலா டீச்சர் ரெஜினாவைத் தன் அருகில் இருத்தி, தட்டில் குறைவாகவே சோறு வைத்தார். பயறையும் மீனையும் பிசைந்து கொடுத்தார்.

அப்போது வாசலில் பிலோமினா வந்து நின்றாள். இந்நேரம் அவள் அந்தப் பக்கம் இருக்க வேண்டும். தலையிலிருந்து இறக்கிய பாத்திரத்தில் பாதி மீன் அப்படியே இருந்தது. உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ரெஜினா மெதுவாகத்தான் தின்றாள். ஒரு வாய், கொஞ்சம் வேடிக்கை, மறுபடி ஒரு வாய். தட்டு காலியானதும் விரல்களை நக்கினாள். லீலா டீச்சர் இன்னும் கொஞ்சம் வைத்தார். அதையும் தின்றாள். பிறகு பயறு மட்டும் கொஞ்சம், அதையும் தின்றாள்.

"இவ இத்தறயும் தின்னுமா?" என்று பிலோமினா கேட்டாள்.

ஒரு வருடமாக இரண்டு பள்ளியும் ஒரு தாயும் பார்த்துக்கொண்ட பிள்ளை. எவ்வளவு தின்னும் என்று ஒருவருக்கும் தெரியாது. அவள் மத்தியானம் தின்பதை அந்தத் தாய் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறாள். அந்த நேரத்தில் அவள் எப்போதும் ஊராருக்கு மீன் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாத்திரத்தில் ஈ மொய்க்கத் தொடங்கியது. மீன் கெட்டுப்போகும், நீ போய் விற்றுவிட்டு வா, பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் லீலா டீச்சர்.

பிலோமினா எழுந்திருக்கவில்லை. "கெட்டா கெட்டு போவட்டு" என்றாள். "எனக்க பிள்ள தின்னுயத நான் இன்னும் பாத்து தீரல்ல டீச்சரே."